இருபத்திரண்டு மணி நேர மரியாதை

ஹூஸ்டன் சென்னியப்பனுக்கு அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை, தூரம் கொடுத்தது. கோயமுத்தூர்ப் பக்கம் அவருடைய சொந்தபந்தத்தில் மட்டும் இன்னும் இரண்டு சென்னியப்பன்கள் இருந்தார்கள். ஒருவர் அரிசி மண்டி சென்னியப்பன். இன்னொருவர் சீட்டுப் பிடித்துவிட்டுக் காணாமல் போன சென்னியப்பன். இவர்களோடு ஒப்பிட்டால் ஹூஸ்டன் என்பது எவ்வளவு உயரமான அடைமொழி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹூஸ்டனில் அவர் ஏ.சி. இயந்திரம் செய்யும் கம்பெனியொன்றில் நடுவாந்தரமான வேலையில் இருந்தார். நடுவாந்தரமான வீடு, நடுவாந்தரமான கார். மனைவி பிருந்தாவிடம் மரியாதை அதற்கும் ஒரு படி கீழே. ஆனால் கோவை விமான நிலையத்தில் அவர் நடுவாந்தரமாக இறங்கியதே கிடையாது. பதினையாயிரம் கிலோமீட்டர், இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும், மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். இந்தத் தகவல்களை அக்கா வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்கூட மனப்பாடமாக வைத்திருந்தார். அழைத்துப் போக மூன்று கார் வரும். ஒன்றில் அவர், ஒன்றில் பெட்டிகள், மூன்றாவது கார் சும்மா மரியாதைக்கு. வீட்டில் கை வைத்த நாற்காலியில் புதுத் துண்டு விரித்திருப்பார்கள். நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டதும் அவர் தூங்கப் போவார். பகல் பதினொரு மணிக்குக் குறட்டை விடும் மனிதரை வேறு எந்த வீட்டிலும் திட்டுவார்கள். இங்கே "மாமாவுக்கு ஜெட்லாக், சத்தம் போடாதீங்க" என்று மிக்ஸியைக்கூட நிறுத்தி வைத்தார்கள்.

அப்புறம் மடிப்பு விமானம் வந்தது.

அதை அந்தக் குடும்பத்துக்கு விளக்கிச் சொன்னவர் அக்கா கருணாம்பாளின் கணவர் திருமலைசாமி. தென்னந்தோப்பும் டிராக்டரும் வைத்திருப்பவர். எந்த விஞ்ஞானமும் தன் இடுப்புக்குக் கீழே விளக்கக்கூடியதுதான் என்பது அவர் கட்சி.

"இங்க பாருங்க. இந்த வேட்டியில மேக்கரை ஹூஸ்டன், கீழ்க்கரை கோயமுத்தூரு. ஒரு எறும்பு கீழ இருந்து மேல போகோணும்னா இம்புட்டு தூரம் நடக்கோணும். நாம என்ன பண்றோம்?" வேட்டியை மடித்துக் கட்டினார். "கரையும் கரையும் ஒட்டிக்குச்சா? எறும்பு ஒரு எட்டு வெச்சா ஹூஸ்டன். அவ்வளவுதான். வானத்தையும் இப்பிடித்தான் மடிச்சுக் கட்றாங்க. நாப்பது நிமிசம்."

"மடிச்சுக் கட்டுனா முழங்காலு தெரியத்தான செய்யும்?" என்றாள் கருணாம்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பன் அன்று பலமாகவே சிரித்தார். முழங்கால் அவருடையது என்று அப்போது தெரியவில்லை.

முதல் தடவை நாற்பது நிமிஷத்தில் வந்தபோது இரண்டு கார் வந்தன. அடுத்த தடவை அக்கா மகன் ஸ்கூட்டரில் வந்தான், ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அதற்கடுத்த தடவை, "டவுன் பஸ் பிடிச்சு வந்துரு மாப்ள, வர்ற வழியில கால் கிலோ பச்சமொளகா வாங்கிக்க" என்று செய்தி வந்தது. துண்டு போட்ட நாற்காலி போய் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. நாட்டுக்கோழி போய், "காலையில வெச்ச கொழம்பு இருக்குது, சுட வெக்கட்டுமா?" வந்தது. ஜெட்லாக் என்று ஒரு தடவை கொட்டாவி விட்டுப் பார்த்தார். "நாப்பது நிமிசத்துக்கு என்ன லாக்கு? உக்கடத்துல டிராபிக்ல நின்னா அதுக்கும் மேல ஆகுது" என்றுவிட்டு மிக்ஸியைப் போட்டாள் அக்கா மருமகள்.

அவளிடம்தான் அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "எங்க ஹூஸ்டன்ல எல்லாம் ரோடு..." என்று ஆரம்பித்தார்.

"நேத்துத்தானுங்க மாமா நானும் போயிட்டு வந்தேன். முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது."

ஒரு நாள் ஆபீஸில் இருக்கும்போது திருமலைசாமி கூப்பிட்டார். "மாப்ள, போர் மோட்டார் பார்க்க ஆள் வர்றான். நாங்க எல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்பிட்டோம். நீ சித்த வந்து வீட்டுல இரு."

சென்னியப்பன் ஹூஸ்டனிலிருந்து வந்து, ஆளில்லாத வீட்டு வாசலில் மோட்டார்க்காரருக்காக அரை நாள் காத்திருந்தார். மோட்டார்க்காரர் வரவில்லை, அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. மறுநாளும் வரச் சொன்னார்கள். வந்தார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது நல்லசிவத்தால்.

நல்லசிவம் பெரியப்பா மகன். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் முருங்கைக்காய் போடுகிறவர். அந்த ஊருக்கு வருகிற பாலத்தை இடித்துவிட்டுப் புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வருஷக்கணக்கில். ஆற்றைச் சுற்றி, கரட்டுக் குன்றைச் சுற்றி, மூன்று பஸ் மாறித்தான் கோவைக்கு வர வேண்டும். அக்கா பேரனுக்குக் காது குத்தும் விசேஷத்தில் நல்லசிவம் புழுதியோடு உள்ளே நுழைந்தபோது கூட்டமே எழுந்து நின்றது.

"அய்யோ, அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கறாரு! துண்டு போடு, துண்டு போடு!"

கை வைத்த நாற்காலியில் துண்டு விரிக்கப்பட்டது. சென்னியப்பன் தன் ஸ்டூலை நகர்த்தி அவருக்கு வழி விட வேண்டியிருந்தது. நல்லசிவம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மிக்ஸி நின்றது.

அன்று ஹூஸ்டன் திரும்பியதும்தான் 'நெடுவான்' விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. 'பழைய பாதை. பழைய வேகம். ஹூஸ்டன் – கோவை, இருபத்திரண்டு மணி நேரம். தூரம் என்பது ஒரு மரியாதை.' டிக்கெட் விலை மடிப்பைப் போல ஆறு மடங்கு.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் பிருந்தா.

"டாக்டர் சொல்லிட்டாரு. மடிப்பு என் நரம்புக்கு ஆகாதாம்."

"எந்த டாக்டர்?"

அந்தக் கேள்வியை அவர் கோயமுத்தூரில் யாரிடமும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. நரம்பு என்ற ஒரு சொல்லிலேயே ஊர் உருகிவிட்டது. மூன்று கார் வந்தன. துண்டு வந்தது. கோழி வந்தது. "இந்தக் காலத்துல இருபத்தி ரெண்டு மணி நேரம் உக்காந்து வர்றாருன்னா, பாசம்னா அதுதானுங்க" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பயணத்தில் பாதிக்கு மேல் அவர் மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தார். கடைசியில் விமானம் கொஞ்சம் குலுங்கியது மட்டும் நினைவிருந்தது.

"பிளேன் நெம்ப ஆட்டுச்சாடா?" என்று கேட்டாள் அக்கா, கறியை அள்ளி வைத்துக்கொண்டே.

"அது இருக்குமக்கா. மேல காத்துக் கொந்தளிப்பு."

"அடுத்த தடவ ஆட்டாது" என்றாள் அக்கா.

அடுத்த தடவை உண்மையிலேயே ஆட்டவில்லை. நெடுவான்காரர்களின் தரத்தை மெச்சி சென்னியப்பன் ஐந்து நட்சத்திரம் போட்டார். அந்த வருகையின்போது தோப்பில் டிராக்டரைக் காணோமே என்று கேட்டார். "அது ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு ஓடுது. என்னத்த இழுக்கறாங்களோ, அதெல்லாம் உங்க அக்கா பார்த்துக்கறா" என்றார் திருமலைசாமி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐப்பசியில் கருணாம்பாளுக்கு நெஞ்சில் வால்வு பழுதென்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அம்மா போன வீட்டில் சென்னியப்பனுக்குச் சோறு ஊட்டி, மூக்குச் சிந்தி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனவள் அவள்தான். "தம்பி முகத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"இதுக்காவது மடிப்புல போயேன்" என்றாள் பிருந்தா.

"வியாழக்கிழமை காலையில அங்க இருப்பேன். தாராளமா நேரம் இருக்கு" என்றார் சென்னியப்பன். மூன்று காருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நெடுவானில் ஏறினார். இரண்டு நாட்டுச் சோதனைகளும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிட்டன. இப்போதெல்லாம் அப்படித்தான்.

இந்த முறை கவலையில் தூக்கம் வரவில்லை. ஜன்னலில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்த திரையில் ஒரு குட்டி விமானம் அட்லாண்டிக் கடலைப் பாதி கடந்திருந்தது. பக்கத்து இருக்கையில் வசுமதி என்ற பேராசிரியை, ஈரோட்டுக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. நடுக்கடலிலும் நாலு கோடு சிக்னல். அதைப் பற்றி அவர் ஊரில் பெருமையாகப் பேசியிருக்கிறார்.

"மாப்ள, எங்க இருக்கற?" திருமலைசாமியின் குரல் உடைந்திருந்தது. "அக்காளுக்கு மூச்சு முட்டுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது, இப்பவே பண்ணோணும்ங்கறாரு டாக்டரு. இவ என்னடான்னா தம்பி வரட்டும்ங்கறா. கையெழுத்தும் போட மாட்டேங்கறா, போடவும் விட மாட்டேங்கறா."

"மாமா, நான்... அட்லாண்டிக்குக்கு மேல இருக்கேன்."

"எப்ப எறங்குவ?"

"இன்னும் பதினாலு மணி நேரம் ஆகும்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

அட்லாண்டிக்குக்கு மேலே மின்வெட்டு. விளக்கு அணைந்தது, திரை அணைந்தது, ஜன்னலில் ஓடிய மேகமும் அணைந்தது. மேகம் போன இடத்தில் வெறும் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில், விமானத்தின் இறக்கைமேல் ஒரு மயில் நடந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். மயில் தேய்ந்து போகவில்லை. அது நின்று, தோகையை உதறி, அவரைப் பார்த்து அகவியது. அதற்குப் பின்னால் ஒரு மூடிக்கிடந்த நூற்பு மில்லின் புகைபோக்கியும், சோளக்காடும், கறுத்த வானமும் தெரிந்தன.

"ஜெனரேட்டர் மாத்தறாங்க. ரெண்டு நிமிஷத்துல மேகம் வந்துரும்" என்றார் வசுமதி, தலையைத் தூக்காமல்.

"இது... இது எந்த ஊருங்க?"

"சூலூர்ப் பக்கம். உங்களுக்குத் தெரியாதா சார்? மூணாவது தடவைன்னீங்களே." அவர் பேனாவை மூடினார். "அந்தக் காலத்து எண்ணெய் விமானத்தை ஓட்ட இப்ப எந்த நாடு விடுது? இவங்களும் நாப்பது நிமிஷத்துல மடிச்சுக் கொண்டாந்துதான் எறக்கறாங்க. மிச்ச நேரம் இந்த மில் காம்பவுண்டுக்குள்ள நிறுத்தி வெச்சு ரெண்டு வேளை சோறு போடுவாங்க. நேரம் ஆனதும் டிராக்டர் கட்டி ஏர்போர்ட்டுக்கு இழுத்துட்டுப் போவாங்க."

"டிராக்டரா?"

"அப்பத்தான சீட் பெல்ட் போடச் சொல்லுவாங்க? காத்துக் கொந்தளிப்புன்னு?"

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. ஆறு மடங்கு டிக்கெட், ஐந்து நட்சத்திரம். "ஏமாத்து வேலை! இத்தனை பேரும் இதைத் தெரிஞ்சுமா சும்மா உக்காந்திருக்கீங்க?"

"நாம வாங்கினது இருபத்திரண்டு மணி நேரம். அதைக் குறையில்லாமக் கொடுக்கறாங்களே சார்" என்றார் வசுமதி. "எனக்கு இது வேணும். இந்த ஒரு நாள் நான் ஈரோட்டுலயும் இல்லை, அமெரிக்காவுலயும் இல்லை. ரெண்டு வீட்டுலயும் யாரும் என்னை உடனே வான்னு கூப்பிட முடியாது. மடிப்பு வந்ததுல இருந்து நடுவுலன்னு ஒரு இடமே இல்லாமப் போச்சு. உங்களுக்கு எதுக்கு?"

நாற்காலியில் விரிக்கிற துண்டுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுபடி போன். இந்த முறை அக்கா. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடம் தேடித்தேடிப் பேசினாள்.

"தம்பி... மாமன் பயந்துட்டு... உனக்கு போன் பண்ணிப் போட்டாரு. நீ பதறாத கண்ணு. மேல பறக்கறப்ப... பதறக்கூடாது. அவ்வளவு தூரத்துல இருந்து வர்ற. மெதுவா வா. நான் இருக்கறேன்."

"அக்கா, நீ உள்ள போயிரக்கா. கையெழுத்துப் போடு."

"உன்னப் பார்த்துட்டு."

அப்போது இடி இடித்தது. சென்னியப்பனின் வலது காதில் போன் வழியாக ஒரு இடி. அது அடங்குவதற்குள் இடது காதில் ஜன்னல் வழியாக அதே இடி. அக்காவுக்கு மேலே இருந்த வானமும் அவருக்கு மேலே இருந்த வானமும் ஒன்றேதான் என்பதை யாரும் வேட்டியை மடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுந்து கதவைப் பார்த்து நடந்தார். டை கட்டிய தலைமைப் பணியாளர் வழியில் வந்து நின்றார்.

"சார், உட்காருங்க. அட்லாண்டிக் மேல இருக்கோம்."

"கதவைத் திறங்க."

"முப்பத்தாறாயிரம் அடி சார். திறந்தா காத்து எல்லாரையும் வெளிய இழுத்துரும்."

"வெளிய மயில் நிக்குதுய்யா!"

விமானத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. உண்மை வெளிப்பட்டதற்காக அல்ல. அதை ஒருவர் சத்தமாகச் சொன்னதற்காக. முன்வரிசையில் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகும் கோட்டுக்காரர் ஒருவர் திரும்பினார். "மிஸ்டர், என்னை வரவேற்க பேண்டு வாத்தியம் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நீங்க பாதிக் கடல்ல எறங்கி ஊருக்குள்ள போய் நின்னீங்கன்னா எங்க மானம் என்ன ஆகறது?"

"எங்கக்கா சாகக் கெடக்கறா" என்றார் சென்னியப்பன். இருபது வருஷமாக ஊருக்கு வெளியே அவர் பேசாத பேச்சுநடை அது. "அவளக்கூடப் பார்க்காம இங்க உக்காந்து ரெண்டாவது வேளைச் சோறு திங்கட்டுமா?"

கோட்டுக்காரர் கோட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார். வசுமதி இருக்கையிலிருந்தே குரல் கொடுத்தார்: "அவரை விடுங்க. நான் பார்க்கலைன்னு சொல்லிக்கறேன். எல்லாருமே பார்க்கலை. மேகத்தைத்தானே பார்த்துட்டிருந்தோம்?"

தலைமைப் பணியாளர் யோசித்தார். விதியை மீறாமல் விதிக்கு ஒரு ஜன்னல் திறப்பதில் தேர்ந்தவர் போலிருந்தது. "கடலுக்கு மேல இறங்கறவங்க உயிர்காக்கும் சட்டை போடாம இறங்கக் கூடாது சார்" என்று ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து, அவர் தலைவழியே மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

மயில் இறங்கிப் போய்விட்டிருந்தது. சென்னியப்பன் ஏணியில் இறங்கி, மஞ்சள் சட்டையோடு சோளக்காட்டுக்குள் ஓடினார். மில் கேட்டில் வாட்ச்மேன் பீடியை அணைக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டையக் கழட்டி அங்க போட்டுட்டுப் போங்க."

சுவரோரம் மஞ்சள் சட்டைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. யாருக்கு யார் சாகக் கிடந்தார்களோ.

தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. மழை பிடிக்கும்போது அவர் திருச்சி ரோட்டு ஆஸ்பத்திரி வாசலில் குதித்தார்.

வார்டு வாசலில் திருமலைசாமியும், அக்கா மகனும், மருமகளும், மூன்று பஸ் மாறி முன்கூட்டியே வந்துவிட்ட நல்லசிவமும் நின்றிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் நால்வருக்கும் வாய் திறந்தபடி நின்றது.

"மாப்ள! அட்லாண்டிக்குன்னியே!"

ஓடிவந்த மூச்சிரைப்பிலும் சென்னியப்பனின் மூளை பழைய தொழிலை மறக்கவில்லை. "ஐஸ்லாந்துல... எறக்கச் சொல்லி... அங்கிருந்து மடிப்புல மாறிட்டேன் மாமா."

"அய்யோ, உன்ற நரம்பு?"

"நரம்பு போனாப் போகுது."

திருமலைசாமி வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லசிவம் தான் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி நாற்காலியைத் தூசி தட்டி அவர் பக்கம் நகர்த்தினார். துண்டு இல்லாததால் தன் தோள் துண்டையே எடுத்து விரித்தார். சென்னியப்பனுக்கு வாழ்நாளில் கிடைத்த மரியாதைகளிலேயே உச்சம் அது. அவர் அதைப் பார்க்காமலே உள்ளே போனார்.

வாசலில் பேசுவது கேட்கிற தூரத்தில் கருணாம்பாள் தள்ளு கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் ஒட்டிப் போயிருந்தது. கையைப் பிடித்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், போதுமான அளவுக்கு. பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கி அவர் கால்சட்டையில் நின்றது. முழங்கால் வரை நாயுருவி முள் அப்பிக்கிடந்தது.

"ஐஸ்லாந்துல..." மூச்சு வாங்கினாள். "நாயுருவி மொளைக்குதாடா?"

அவள் கையை நீட்டி ஒரு முள்ளைப் பிடுங்கிப் போர்வைக்கடியில் போட்டாள். பிறகு இன்னொன்று.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"பிளேன இழுக்கறது... நம்ம டிராக்டருதானடா." அவள் வாயோரம் சிரிப்பு ஒன்று வந்து போனது. "மொதத் தடவ ஆட்டுச்சுன்னு சொன்னியல்லோ. அதுக்கப்பறம் டிரைவர்கிட்டச் சொல்லி வெச்சேன். பள்ளம் பார்த்து ஓட்டு, உள்ள என்ற தம்பி தூங்கறான்னு."

"அப்ப, இன்னிக்கு போன்ல... நான் அங்கதான் இருக்கறேன்னு தெரிஞ்சுதான் மெதுவா வான்னு சொன்னயா?"

அவள் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாள். போட்டாள். "மாமங்கிட்டச் சொல்லாத. அவுரு மூணு காருக்குச் சொல்லி வெச்சிருக்கறாரு, பாவம்."

ஆஸ்பத்திரி ஆள் வந்து கட்டிலைத் தள்ளத் தொடங்கினார். நடைவழியில் இரண்டு கட்டடங்கள் சேருகிற இடத்தில் தரை ஒரு விரற்கடை ஏறி இறங்கியிருந்தது. சக்கரம் அதைத் தொடுவதற்கு முன்பே சென்னியப்பன் குனிந்து கட்டிலின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார்.

"மெதுவாங்க" என்றார் அந்த ஆளிடம். "பள்ளம் பார்த்துத் தள்ளுங்க."